நவம்பர் 1: குமரி மாவட்டம் இணைந்த நாளும் அந்தத் தேதியின் பிற கணக்குகளும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதக் கடைசியில் குமரி மாவட்டத்தில் ஒரே கேள்வி மீண்டும் எழுகிறது. 1956இல் இந்த மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த நவம்பர் 1 தமிழ்நாடு நாளா, இல்லையா? நாகர்கோவிலில், இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணியின் சிலைக்கு அன்று மாலை அணிவிக்கப்படுகிறது. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் அதே நாளைக் கேரளப் பிறவி என்று கொண்டாடுகிறார்கள். தமிழ்நாடு அரசோ தமிழ்நாடு நாளை ஜூலை 18 அன்று கொண்டாடுகிறது. இதற்கிடையில் "வரலாற்றில் இன்று" என்ற தலைப்பில் கைபேசிகளில் சுற்றும் பட்டியல்கள், மாநிலங்களின் பிறப்பையும் நடிகையின் பிறந்த நாளையும் எங்கோ நடந்த நிலநடுக்கத்தையும் ஒரே வரிசையில் அடுக்கி வைக்கின்றன.

பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் உண்மையான செய்திகளே. ஆனால் அவை ஒரே வகையான செய்திகள் அல்ல. சட்டம் தேர்ந்தெடுத்ததால் ஒரு தேதியில் வந்து அமர்ந்தவை சில. அந்த நாளின் இயல்பே காரணமாக நிகழ்ந்தவை சில. தற்செயலாக அமைந்தவை பல. வேறொரு நாட்காட்டியிலிருந்து மாற்றப்பட்டு வந்தவையும் உண்டு. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் நவம்பர் 1 பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி தானாகவே தெளிந்துவிடும்.

நியமன நாள் என்பது என்ன

1953 டிசம்பரில் இந்திய அரசு மாநில மறுசீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. பசல் அலி தலைவராகவும், எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோர் உறுப்பினர்களாகவும் இருந்த அந்த ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று தன் அறிக்கையை அளித்தது. அதன் அடிப்படையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்துக்கு 1956 ஆகஸ்ட் 31 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது.

ஒப்புதல் கிடைத்த அன்றே எல்லைகள் மாறிவிடவில்லை. கோப்புகளைப் பிரிக்க வேண்டும்; ஊழியர்களை ஒதுக்க வேண்டும்; கருவூலங்களின் கணக்கை முடித்துப் புதிய கணக்கைத் தொடங்க வேண்டும்; வழக்குகள் எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஆகவே மாற்றங்கள் அனைத்தும் எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதைச் சட்டமே குறித்துவிடுகிறது. அந்த நாளுக்கு "நியமன நாள்" என்று பெயர். 1956ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த நியமன நாள் நவம்பர் 1, வியாழக்கிழமை. அரசியலமைப்பின் 7ஆவது திருத்தமும் அதே நாளில் நடைமுறைக்கு வந்து, அதுவரை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்த ஆட்சிப் பகுதிகளை 14 மாநிலங்களாகவும் 6 ஒன்றியப் பகுதிகளாகவும் ஒழுங்குபடுத்தியது.

ஒரே தேதியில் கேரளமும், ஆந்திரப் பிரதேசமும், விரிவுபடுத்தப்பட்ட மைசூர் மாநிலமும், புதிய மத்தியப் பிரதேசமும் உருவானது இதனால்தான். அவை ஒரே சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகள். ஒரு தாலுகாவை இங்கே சேர்க்க வேண்டுமானால் அங்கே கழிக்க வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இடைப்பட்ட காலத்தில் அந்த மண்ணுக்கு எந்த அரசும் பொறுப்பாக இருக்காது.

சென்னை மாநிலத்தைப் பொறுத்தவரை அன்று நடந்த வரவும் செலவும் இவை:

1. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் வந்து, கன்னியாகுமரி என்ற தனி மாவட்டமாயின. இன்றைய கிள்ளியூர், திருவட்டாறு தாலுகாக்கள் இவற்றிலிருந்து பிற்காலத்தில் பிரிக்கப்பட்டவை.
2. செங்கோட்டை தாலுகாவின் பெரும்பகுதி திருநெல்வேலி மாவட்டத்துடன் சேர்ந்தது.
3. மலபார் மாவட்டமும், தென் கன்னட மாவட்டத்தின் காசர்கோடு தாலுகாவும் கேரளத்துக்குச் சென்றன. தென் கன்னடத்தின் எஞ்சிய நிலப்பகுதியும், கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகாவும் மைசூருக்குச் சென்றன.
4. மலபாரையும் தென் கன்னடத்தையும் சேர்ந்திருந்த இலட்சத்தீவுகள் ஒன்றியப் பகுதியாயின.

நிலப்பரப்பை மட்டும் பார்த்தால் அந்த நாளில் சென்னை மாநிலம் சுருங்கியது, வளரவில்லை. குமரிக்கு அது இணைப்பு நாள், மலபாருக்கு அது பிரிவு நாள். ஒரே தேதியை மாநிலம் முழுவதும் ஒரே உணர்வோடு பார்க்க முடியாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அன்று எது மாறியது, எது மாறவில்லை

மாநில எல்லை மாறியதும் ஒரு மாவட்டத்தின் வாழ்க்கை முழுவதும் மாறிவிடும் என்று நினைக்கத் தோன்றும். சட்டம் அப்படி வேலை செய்வதில்லை. நியமன நாளுக்கு முன் ஒரு பகுதியில் நடப்பில் இருந்த சட்டங்கள், உரிய சட்டமன்றமோ அதிகாரமுள்ள அமைப்போ மாற்றும் வரை அங்கே தொடரும் என்பதே மறுசீரமைப்புச் சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே 1956 நவம்பர் 2 காலையில் குமரி மாவட்டத்தார் சென்னை மாநிலத்தின் குடிமக்களாகவும், அதேவேளை பல செய்திகளில் திருவிதாங்கூர் சட்டங்களுக்கு உட்பட்டவர்களாகவும் இருந்தார்கள்.

இதன் தடயத்தை அரசியலமைப்பிலேயே காணலாம். 7ஆவது திருத்தம் சேர்த்த பிரிவு 290-ஏ, கேரள அரசு ஆண்டுதோறும் 46,50,000 ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் (கோயில் நிர்வாக) நிதிக்கு அளிக்க வேண்டும் என்றும், தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13,50,000 ரூபாயைத் தன் மாநிலத்தில் அமைக்கப்படும் தேவஸ்வம் நிதிக்கு அளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இரண்டாவது தொகை எதற்காக? திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து "1956 நவம்பர் 1" அன்று மாற்றப்பட்ட பகுதிகளில் உள்ள கோயில்களைப் பராமரிப்பதற்காக. சுசீந்திரம், கன்னியாகுமரி, திருவட்டாறு என்று நாம் வழிபடும் கோயில்களுக்குப் பின்னால் இந்த ஒரு வரி நிற்கிறது. ஒரு மாவட்டம் இடம் மாறிய தேதி அரசியலமைப்பின் சொற்களுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருப்பது அரிய செய்தி. நம் பள்ளிப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனை மற்றோர் எடுத்துக்காட்டு. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் ஊர்வலம் இன்றும் ஆண்டுதோறும் மாநில எல்லையைக் கடந்து சென்று திரும்புகிறது. நியமன நாள் ஆட்சியைப் பிரித்தது, வழக்கத்தைப் பிரிக்கவில்லை.

அந்தத் தேதி காட்டாத வரலாறு

நியமன நாளைப் பட்டியலில் பார்ப்பவர்களுக்கு, டெல்லியில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது, குமரி தமிழகத்தோடு சேர்ந்தது என்ற அளவில்தான் கதை தெரியும். உண்மையில் அந்தத் தேதியை இயலச் செய்த போராட்டம் வேறு நாட்களில் நடந்தது.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1940களின் நடுப்பகுதியிலிருந்து தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரிப் போராடி வந்தது. 1948இலேயே காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் உயிர் நீத்தனர். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைக்கப்பட்டபோது தமிழர்களின் அச்சம் கூடியது. பெரிய மலையாள மாநிலம் ஒன்றின் தென்கோடியில் சிறுபான்மையாகிவிடுவோம் என்ற கவலை அது.

1954 ஆகஸ்ட் 11ஐ விடுதலை நாளாகக் கடைப்பிடிக்குமாறு இயக்கம் அழைத்தது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலமாக வந்தவர்கள் மீது காவல்துறை சுட்டதில் பலர் மாண்டனர். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை. சுதந்திர இந்தியாவில் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தும் அரசு பதவியில் நீடிக்கக்கூடாது என்று அதே கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா வலியுறுத்தினார்; பட்டம் தாணு பிள்ளை ஏற்கவில்லை. அந்தக் கருத்து வேறுபாடு கட்சியின் பிளவுக்கே இட்டுச் சென்றது. விளவங்கோட்டின் சிறிய கடைத்தெரு ஒன்றில் சிந்திய இரத்தம் இந்திய சோசலிச இயக்கத்தின் போக்கை மாற்றியது என்பது மிகைச்சொல் அல்ல.

கோரிக்கை முழுமையாக நிறைவேறவும் இல்லை. இயக்கம் கேட்டது ஒன்பது தாலுகாக்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். ஆணையம் பரிந்துரைத்தவை, நான்கு தென் தாலுகாக்களும் செங்கோட்டையும் மட்டுமே. தேயிலை, ஏலத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்திருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. நவம்பர் 1 குமரிக்கு மகிழ்ச்சியைத் தந்த நாள் என்றாலும், நேசமணியும் அவருடைய தோழர்களும் கேட்ட எல்லை அது அல்ல.

ஆகவே இரண்டு தேதிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 11 மக்களின் நாள். நவம்பர் 1 சட்டத்தின் நாள். விடுமுறை அறிவிப்பிலும் செய்தித் தலைப்பிலும் இரண்டாவது மட்டும் இடம்பெறுவதால் முதலாவது மங்கிவிடக்கூடாது.

தமிழ்நாடு நாள்: எந்தக் கேள்விக்கு எந்தத் தேதி

2019இல் அன்றைய தமிழ்நாடு அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்துக் கொண்டாடியது. 2021 அக்டோபர் கடைசியில், ஆட்சி மாறிய பிறகு, ஜூலை 18 தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்; நவம்பர் 1 எல்லைப் போராட்டத்தை நினைவுகூரும் நாளாகவே அமையும் என்பது அரசு சொன்ன விளக்கம். இரண்டு தரப்புக்கும் காரணங்கள் உண்டு. ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

1. இன்றைய மாநிலத்தின் பெரும்பகுதி எல்லை எப்போது உருவானது? 1956 நவம்பர் 1. ஆனால் அன்று மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம்தான். "தமிழ்நாடு" என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று, நியமன நாளுக்கு மூன்று வாரங்கள்கூட இல்லாத நிலையில், உயிர் துறந்தார். மொழிவழி எல்லை வந்தது. மொழியின் பெயர் வரவில்லை.
2. எல்லை எப்போது முழுமை பெற்றது? 1960 ஏப்ரல் 1. அன்றுதான் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரத்திலிருந்து வந்து சேர்ந்தன. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயன் அது. எல்லைக்காக மட்டும் நாள் குறிப்பதென்றால் திருத்தணிக்காரர் இந்தத் தேதியைத்தான் கேட்பார்; அவர் கேட்பதில் நியாயமும் உண்டு.
3. பெயர் மாற வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் எப்போது தீர்மானித்தது? 1967 ஜூலை 18, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது.
4. பெயர் சட்டப்படி எப்போது மாறியது? 1969 ஜனவரி 14, நாடாளுமன்றத்தின் பெயர் மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. அடுத்த மாதமே அண்ணா மறைந்தார்.

பெயரைக் கொண்டாடுவதென்றால் ஜூலை 18 பொருத்தமான நாள். மாநிலத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவானது. எல்லையைக் கொண்டாடுவதென்றால் நவம்பர் 1க்கு இணையான நாள் குமரிக்கும் செங்கோட்டைக்கும் வேறு இல்லை. ஒன்றை ஏற்றால் மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. குமரி மாவட்டம் தன் இணைப்பு நாளைக் கொண்டாடுவது தமிழ்நாடு நாளுக்கு எதிரானது அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்டையிலும் இதே சிக்கல்

ஆந்திரத்துக்கும் இதே இரட்டைத் தேதிச் சிக்கல் உண்டு. பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிர்த் தியாகத்துக்குப் பிறகு 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானது. தெலங்கானாவுடன் சேர்ந்து 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசம் ஆனது. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா மீண்டும் பிரிந்தது. புதுச்சேரியில் நிலைமை இன்னும் நுட்பமானது. 1954 அக்டோபரில் கீழூரில் நடந்த வாக்கெடுப்புக்குப் பின் நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் நடைமுறையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. இரண்டு நாட்களுமே அங்கே நினைவுகூரப்படுகின்றன.

நவம்பர் 1 பின்னர் ஒரு மரபாகவே ஆனது. 1966 நவம்பர் 1 பஞ்சாபிலிருந்து அரியானா பிரிந்த நாள். மைசூர் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்ற பெயர் 1973 நவம்பர் 1 அன்று வந்தது. சத்தீஸ்கர் 2000 நவம்பர் 1 அன்று உருவானது. இதற்கு மாறாக, அதே மாதத்தில் உருவான ஜார்க்கண்டுக்கு நவம்பர் 15 தேர்ந்தெடுக்கப்பட்டது. அது பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பிறந்த நாள். அங்கே ஒரு மாநிலத்தின் பிறப்பு ஒரு மனிதரின் பிறப்போடு வேண்டுமென்றே பொருத்தப்பட்டது. "ஒரே நாளில்" என்ற சொல்லுக்குள் தற்செயலும் திட்டமும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

1858 நவம்பர் 1: அரசியின் அறிக்கையும் தோள்சீலையும்

பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் மற்றொரு செய்தி, விக்டோரியா அரசியின் அறிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து பிரித்தானிய முடியாட்சி நேரடிப் பொறுப்பேற்றதை 1858 நவம்பர் 1 அன்று அலகாபாத்தில் தலைமை ஆளுநர் கானிங் அறிவித்தார். இது குமரிக்குத் தொடர்பில்லாத செய்தி என்று தோன்றும். ஏனெனில் திருவிதாங்கூர் தனி அரசு, கம்பெனியின் நேரடி ஆட்சியில் இருந்த பகுதி அல்ல. ஆனால் அந்த அறிக்கையின் தாக்கம் கல்குளம், விளவங்கோடு வீதிகளில் உணரப்பட்டது.

அறிக்கையில் இரண்டு உறுதிகள் இருந்தன. மக்களின் சமய நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் அதிகாரிகள் தலையிடக்கூடாது என்பது ஒன்று. பழைய உரிமைகளுக்கும் வழக்கங்களுக்கும் உரிய மதிப்பு அளிக்கப்படும் என்பது மற்றொன்று. படிப்பதற்கு நன்றாகத் தோன்றும் இந்தச் சொற்களை, தென் திருவிதாங்கூரின் ஆதிக்கச் சாதியினர் பலர் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டனர். நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக்கூடாது என்பதே அவர்கள் காக்க நினைத்த "வழக்கம்". 1820களிலிருந்து விட்டு விட்டு நடந்துவந்த தோள்சீலைக் கலவரங்கள் அந்த மாதங்களில் மீண்டும் வெடித்தன. சந்தைகளில் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன; வீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெலியன் திருவிதாங்கூருக்கு அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26 அன்று அரச ஆணை வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்பதே அதன் சாரம். உரிமையைக் கொடுத்த அதே வாக்கியத்திலேயே ஏற்றத்தாழ்வையும் காத்துக்கொண்ட ஆணை அது.

ஆகவே நவம்பர் 1 என்ற தேதியில் குமரி மண்ணுக்கு இரண்டு நினைவுகள் உண்டு. 1956 எல்லோருக்கும் தெரியும். 1858 பட்டியலில் இருந்தும் தொடர்பு தெரியாமலே கடந்துபோகிறது.

தற்செயலும் காரணமும்

உலக மக்கள்தொகையை 800 கோடி என்று கொண்டால், ஒரு நாளுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2.2 கோடிப் பேர் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி 18.7 இலட்சம் மக்கள் வாழ்ந்த குமரி மாவட்டத்தில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 5,100 பேர். இந்த எண்ணிக்கையில் எந்தத் தேதியைத் தொட்டாலும் புகழ்பெற்றவர்கள் சிலர் கிடைப்பார்கள். ஐஸ்வர்யா ராய் 1973 நவம்பர் 1 அன்றும், கிரிக்கெட் வீரர் வி.வி.எஸ். லட்சுமணன் 1974 நவம்பர் 1 அன்றும் பிறந்தனர். தியாகராஜ பாகவதர் மறைந்தது 1959 நவம்பர் 1. இவை தற்செயல்கள், நாளின் பெருமையோ சிறுமையோ இவற்றில் இல்லை. மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் பெற்ற அதே நாளில், அதே மாநிலத்தின் மங்களூரில் ஐஸ்வர்யா ராய் பிறந்தார் என்பது சுவையான பொருத்தம். அதற்கு மேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

1755 நவம்பர் 1 அன்று போர்ச்சுகலின் லிஸ்பன் நகரைத் தாக்கிய நிலநடுக்கம் வேறு வகை. நிலநடுக்கம் அந்தத் தேதியில் வந்தது தற்செயல். ஆனால் சாவுகள் அத்தனை பெருகியதில் தேதிக்குப் பங்கு உண்டு. நவம்பர் 1 கத்தோலிக்கரின் அனைத்துப் புனிதர் திருவிழா. காலைத் திருப்பலிக்காகக் கோயில்களில் கூட்டம் நிறைந்திருந்தது, மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. கூரைகள் இடிந்து விழுந்தன, தீ பரவியது, பின்னர் கடல் பொங்கி ஆற்று வழியே நகருக்குள் புகுந்தது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் உள்ளே வந்ததைக் கண்ட மாவட்டத்துக்கு, இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை.

நாட்காட்டி மாறும்போது

குமரி மாவட்டத்தில் பழைய ஆவணங்களும் கல்வெட்டுகளும் பெரும்பாலும் கொல்லம் ஆண்டில்தான் இருக்கும். மலையாள ஆண்டு என்றும் நாம் அதைச் சொல்வதுண்டு. அது ஆவணியில் தொடங்குவதால், ஆவணி முதல் டிசம்பர் வரையான தேதிகளுக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும் வரையான தேதிகளுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1956 நவம்பர் 1 கொல்லம் 1132 ஐப்பசியில் விழுகிறது.

ஆண்டைவிட நாளை மாற்றுவதில்தான் சிக்கல் மிகுதி. அய்யாவழியினர் வணங்கும் அய்யா வைகுண்டரின் அவதார நாள் கொல்லம் 1008 மாசி 20. அது 1833 மார்ச் 1. ஆனால் இன்று சாமித்தோப்புக்கு ஊர்வலம் செல்வதும், மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் மார்ச் 3 அல்லது 4 அன்று. யாரும் தேதியைத் தவறாகக் குறிக்கவில்லை. காரணம் இதுதான்:

1. ஆங்கில நாட்காட்டியின் சராசரி ஆண்டு 365.2425 நாள். அது பருவங்களைப் பின்பற்றுகிறது.
2. நம் மாதங்கள் சூரியன் இராசிகளில் நுழைவதைப் பின்பற்றுகின்றன. அந்த ஆண்டின் நீளம் பஞ்சாங்கக் கணக்கில் சுமார் 365.2587 நாள்.
3. வேறுபாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 0.016 நாள். 190 ஆண்டுகளில் அது சுமார் 3 நாளாகிறது.

மாசி 20 இடம் மாறவில்லை. அதன் அருகில் ஆங்கிலத் தேதி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பட்டியலில் "மார்ச் 1, 1833" என்று காண்பவரும், நாளிதழில் "மார்ச் 4 விடுமுறை" என்று காண்பவரும் ஒரே நாளைத்தான் பார்க்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு கன்னியாகுமரியில் உள்ள காந்தி மண்டபம். 1948 பிப்ரவரி 12 அன்று கடலில் கரைப்பதற்கு முன் காந்தியின் சாம்பல் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில், அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியே சூரிய ஒளி விழும்படி அது கட்டப்பட்டது. ஆங்கிலத் தேதி பருவத்தோடு ஒட்டி நிற்பதால், அக்டோபர் 2 நண்பகலில் சூரியன் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கும்; ஒளியும் ஆண்டுதோறும் அதே இடத்தில் விழும். காந்தியின் பிறந்த நாளைப் புரட்டாசித் தேதியாகக் கொண்டு அந்தத் துளையை அமைத்திருந்தால், சில தலைமுறைகளிலேயே ஒளி விலகிப் போயிருக்கும். கட்டடமே நாட்காட்டியாக நிற்கும் இடத்தில், எந்த நாட்காட்டி என்ற கேள்வி கல்லிலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

பசிபிக் கடலில் ஒரு நாளையும் அடுத்த நாளையும் பிரிக்கும் தேதிக்கோட்டால் வரும் வேறுபாடும் உண்டு. முதல் ஹைட்ரஜன் குண்டுச் சோதனை 1952 நவம்பர் 1 அன்று பசிபிக் தீவு ஒன்றில் காலையில் நடந்தது; அமெரிக்காவில் அப்போது அக்டோபர் 31. இரண்டு தேதிகளும் சரியே.

பட்டியலைச் சரிபார்க்கும் முறை

1. நிகழ்ச்சி நடந்த நாளா, அறிவிக்கப்பட்ட நாளா, நடைமுறைக்கு வந்த நாளா என்று முதலில் கேட்க வேண்டும். சட்டம் சார்ந்த செய்திகளில் இவை மூன்றும் வெவ்வேறாக இருப்பதே வழக்கம்.
2. கொல்லம் ஆண்டு, தமிழ் மாதம், ஆங்கிலத் தேதி ஆகியவற்றில் மூலம் எது என்று பார்க்க வேண்டும். மாற்றப்பட்ட தேதியில் ஓரிரு நாள் வேறுபாடு இருந்தால் அதைப் பிழை என்று உடனே தள்ளிவிடக்கூடாது.
3. பழைய தலைமுறையினரின் பிறந்த நாளில் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டில் நட்சத்திரம்தான் நினைவிருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது வயதுக்குப் பொருந்துமாறு எழுதிய தேதியே சான்றிதழ்களில் நிலைத்துவிட்டிருக்கும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கே பிறப்புச் சான்றிதழ் பிறந்த தேதிக்கான முதன்மை ஆவணமாக ஆக்கப்பட்டிருக்கிறது.
4. நவம்பர் 1 விடுமுறையா என்பதற்கு வரலாற்றுப் பட்டியல் விடை தராது. பல ஆண்டுகளில் அந்த நாளுக்குக் குமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடப்பட்டிருக்கிறது. அதை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அந்தந்த ஆண்டின் ஆணையைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஆணைகளில் வழக்கமாக மூன்று செய்திகள் இருக்கும். விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, ஆகவே வங்கிகளைக் கட்டுப்படுத்தாது. கருவூலங்கள் அவசரப் பணிகளுக்காகக் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும். ஈடு செய்யும் வேலை நாளாக ஒரு சனிக்கிழமை குறிப்பிடப்படும். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவோர் அந்தச் சனிக்கிழமையையும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.